குழந்தைங்களுக்கு ஈசிஜி ஸ்டிக்கர் எங்க ஒட்டணும், எப்படி ஒட்டணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குழந்தைங்க வார்டுலயும் பச்சக்குழந்தை ஐசியூலயும் வேலை பார்க்கற ஸ்டாஃப் நர்ஸ். பெத்தவங்க பயந்துபோய் கேக்கற கேள்வி, புதுசா டூட்டிக்கு வர்ற பிள்ளைங்க தயங்கித் தயங்கி கேக்கற கேள்வி, ரெண்டையும் சேர்த்துதான் இங்க எழுதியிருக்கேன். அதனால சில பதில் அம்மா அப்பாவுக்கு, சில பதில் நர்ஸுக்கும் டெக்னீஷியனுக்கும். உங்க குழந்தைக்கு டாக்டர் வேற மாதிரி சொல்லியிருந்தா அவர் சொன்னதையே கேளுங்க.

சிஸ்டர், இது ஷாக் அடிக்குமா? குழந்தைக்கு வலிக்குமா?

அடிக்காதுங்க. இதயம் ஒவ்வொரு தடவை துடிக்கறதுக்கும் அதுக்குள்ளயே ஒரு சின்ன மின்சாரம் ஓடுது, தோலுக்கு வந்து சேரும்போது அது ஒண்ணு ரெண்டு மில்லிவோல்ட்தான் இருக்கும், அதை வாங்கி மெஷினுக்கு அனுப்பறது மட்டும்தான் இந்த ஸ்டிக்கரோட வேலை. மெஷின் கேக்குது, குழந்தை பேசுது, அவ்ளோதான். மானிட்டர்ல மூச்சையும் சேர்த்து எண்ணும்போது மட்டும் ரொம்ப ரொம்ப சின்ன கரண்ட் ஒண்ணு ஸ்டிக்கருக்கு ஸ்டிக்கர் போகும், அது குழந்தைக்குத் தெரியவே தெரியாது. வலின்னு பார்த்தா ஜெல் சில்லுனு படறதும், பிச்சு எடுக்கும்போது தோல் இழுக்கறதும்தான். அந்த ரெண்டாவது விஷயத்தை நம்ம கை சரியா செஞ்சா குறைச்சிடலாம், கீழ சொல்றேன்.

இன்னொண்ணு, நெதர்லாந்துல ஐந்தோவன்னு ஒருத்தர் 1900-கள் ஆரம்பத்துல முதல்ல ஈசிஜி எடுத்தப்போ ஸ்டிக்கரே கிடையாது, ரெண்டு கையையும் ஒரு காலையும் உப்புத்தண்ணி ஜாடிக்குள்ள விட்டு உட்கார வச்சுதான் எடுத்தாங்க. அதுக்காக 1924-ல அவருக்கு நோபல் பரிசும் கிடைச்சது. இன்னிக்கும் நாம கை லீட், கால் லீட்னு சொல்றது (லீட்னா இதயத்தை ஒரு கோணத்துல இருந்து பார்த்து மெஷின் போடற கோடு) அங்கிருந்து வந்ததுதான்.

சில குழந்தைக்கு 3 ஒட்டறாங்க, சில குழந்தைக்கு 10 ஒட்டறாங்க, ஏன்?

வேலை வேற. பெட் பக்கத்துல மானிட்டர்ல ஓடறது கண்காணிப்பு, துடிப்பு எவ்ளோ, ஒழுங்கா துடிக்குதா, மூச்சு விடறானான்னு நாள் முழுக்கப் பார்க்கறதுக்கு. அதுக்கு 3 இல்லன்னா 5 வயர் போதும். 12 லீட் ஈசிஜிங்கறது நோயைக் கண்டுபிடிக்கறதுக்கு எடுக்கற படம், அதுக்கு கை கால்ல 4, நெஞ்சுல 6, மொத்தம் 10 ஸ்டிக்கர். பத்து வயர்ல பன்னெண்டு லீட் எப்படின்னு புதுசா வர்றவங்க எல்லாருமே கேப்பாங்க, கை கால் வயர்களை ஜோடி ஜோடியா சேர்த்துப் பார்த்து மெஷினே 6 லீட் போட்டுக்கும், நெஞ்சு 6, ஆக 12.

மானிட்டர்ல ஸ்டிக்கர் அரை இஞ்ச் தள்ளிப் போனாலும் பெரிய பாதகம் இல்ல, ஆனா 12 லீட்ல அந்த அரை இஞ்சே ரிப்போர்ட்டை மாத்திடும், அதுவும் குழந்தை நெஞ்சுல அரை இஞ்ச்ங்கறது பெரியவங்களுக்கு அதைவிடப் பெரிய தூரம் மாதிரி. இதை மனசுல வச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரியும்.

வயர் கலர் ஒவ்வொரு மெஷின்லயும் வேற வேறயா இருக்கே?

இதுலதான் நிறைய தப்பு நடக்குது, பொறுமையா படிங்க. உலகத்துல ரெண்டு கலர் முறை இருக்கு, நம்ம ஊர்ல ரெண்டுமே புழக்கத்துல இருக்கு, ஒரே வார்டுல பக்கத்து பக்கத்து பெட்லயே ரெண்டும் இருக்கும்.

ஒண்ணு ஐரோப்பா முறை. வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை, வலது கால் கருப்பு. வலது கையில ஆரம்பிச்சு சுத்திக்கிட்டே வந்தா ரோட்டு சிக்னல் மாதிரி சிவப்பு, மஞ்சள், பச்சை, கடைசில கருப்பு. இன்னொண்ணு அமெரிக்க முறை. வலது கை வெள்ளை, இடது கை கருப்பு, இடது கால் சிவப்பு, வலது கால் பச்சை. இப்ப கவனிங்க, சிவப்பு ஒண்ணுல வலது கை, இன்னொண்ணுல இடது கால். கருப்பு ஒண்ணுல வலது கால், இன்னொண்ணுல இடது கை. பச்சை கால் விட்டு கால் மாறுது. அதனால கலரை மனப்பாடம் பண்ணிட்டு கண்ணை மூடிக்கிட்டு மாட்டாதீங்க, வயர் நுனியில எழுத்து அச்சடிச்சிருக்கும், அமெரிக்க முறைன்னா ஆர்ஏ, எல்ஏ, எல்எல், ஆர்எல், ஐரோப்பா முறைன்னா ஆர், எல், எஃப், என். எழுத்தைப் படிச்சிட்டு மாட்டுங்க.

அப்புறம் வலதுன்னா குழந்தையோட வலது. நீங்க எதிர்ல நிக்கறதால உங்க வலது கைப்பக்கம் இருக்கறது அதோட இடது. சிரிக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு குழந்தை கத்திக்கிட்டு இருக்கும்போது எல்லாருக்கும் குழம்பும்.

மானிட்டருக்கு 3 வயர்தான் இருக்கு, எங்க ஒட்டறது?

வலது காலர் எலும்புக்குக் கீழ ஒண்ணு, இடது காலர் எலும்புக்குக் கீழ ஒண்ணு, மூணாவது இடது பக்கம் வயித்தோட ஓரத்துல, கடைசி விலா எலும்புக்குக் கீழ. 5 வயர்னா வலது பக்க வயித்தோரத்துல நாலாவது, நெஞ்சுல ஒண்ணு.

மூணாவது ஸ்டிக்கரை ஏன் வயித்துப் பக்கம் கொண்டு போறோம்னா, பச்சக்குழந்தை வயித்தாலதான் மூச்சு விடும், தூங்கற குழந்தையைப் பாருங்க நெஞ்சு அசையாது வயிறுதான் ஏறி இறங்கும். மானிட்டர்ல மூச்சு எண்ணறது ரெண்டு ஸ்டிக்கருக்கு நடுவுல உடம்பு விரிஞ்சு சுருங்கறதை வச்சுத்தான், அதனால ஒரு ஸ்டிக்கர் மேலயும் ஒண்ணு வயித்தோரமாவும் இருந்தா அந்த அசைவு நல்லா கிடைக்கும், மூணையும் நெஞ்சு மேல்பக்கத்துலயே கும்பலா ஒட்டிட்டா மூச்சுக் கோடு தட்டையா வரும், குழந்தை நல்லா மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும், மெஷின் மூச்சு இல்லன்னு கத்தும்.

இதுக்கு நேர் எதிரான ஆபத்தும் இருக்கு, அது இன்னும் மோசம். குறைமாசக் குழந்தைக்கு மூச்சு நிஜமாவே நின்னு போயிருக்கும்போது இதயத் துடிப்போட அசைவையே மூச்சுன்னு மானிட்டர் எண்ணிக்கிட்டு இருக்கலாம். மூச்சு எண்ணும் துடிப்பு எண்ணும் கிட்டத்தட்ட ஒண்ணா ஓடுதுன்னா உடனே குழந்தையைப் பாருங்க, ஸ்க்ரீனை இல்ல. அதே மாதிரி தொண்டையில அடைச்சு மூச்சு போகலைன்னாலும் நெஞ்சு வயிறு அசைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும், இந்த ஸ்டிக்கர் அதைக் கண்டுபிடிக்காது. அதனாலதான் கால்ல சிவப்பு லைட் எரியுற ஆக்ஸிஜன் ப்ரோபும் சேர்த்துக் கட்டறோம்.

12 லீட்ல நெஞ்சு ஸ்டிக்கர் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கறது?

விரலால எண்ணித்தான். நெஞ்சு ஸ்டிக்கர் ஆறுக்கும் வி1-ல இருந்து வி6 வரைக்கும் பேர். கண்ணால அளந்து ஒட்டறதை நான் பார்த்தா விடமாட்டேன்.

தொண்டைக் குழியில விரல் வச்சு நெஞ்செலும்பு மேலயே மெதுவா கீழ இறக்குங்க, கொஞ்ச தூரத்துல குறுக்க ஒரு சின்ன மேடு தட்டுப்படும், அந்த மேட்டுக்கு நேரா பக்கவாட்டுல இருக்கறது ரெண்டாவது விலா எலும்பு. அதுக்குக் கீழ இருக்கற பள்ளம் ரெண்டாவது இடைவெளி. அங்கிருந்து மூணு, நாலுன்னு எண்ணி இறங்குங்க. நாலாவது இடைவெளியில நெஞ்செலும்புக்கு வலது ஓரம் வி1, இடது ஓரம் வி2. அடுத்தது வி3 இல்ல, முதல்ல வி4 ஒட்டுங்க, இடது பக்கம் அஞ்சாவது இடைவெளியில காலர் எலும்போட நடுவுல இருந்து நேரா கீழ ஒரு கோடு போட்டா எங்க வருமோ அங்க. வி2-க்கும் வி4-க்கும் நடுவுல வி3. அப்புறம் வி4 இருக்கற அதே மட்டத்துல அக்குளோட முன் மடிப்புக்கு நேரா வி5, அக்குள் நடுவுக்கு நேரா வி6. வி5 வி6 ரெண்டும் விலா எலும்பு வளையற மாதிரி மேல ஏறக்கூடாது, படுத்திருக்கற குழந்தைக்கு வி4-ல இருந்து படுக்கையை நோக்கி நேரா இறங்கணும்.

பச்சக்குழந்தைக்கு அந்த மேடு சரியா தட்டுப்படாது, விலா எலும்பு மெத்து மெத்துனு இருக்கும், கொழுகொழுன்னு இருந்தா இன்னும் கஷ்டம். சுண்டுவிரல் நுனியால எண்ணுங்க, ஆள்காட்டி விரல் ரெண்டு இடைவெளியை ஒரே நேரத்துல மூடிடும். சின்னப் பிள்ளைங்களுக்கு இதயம் கொஞ்சம் படுக்கை வாட்டமா இருக்கறதால துடிப்பு நாலாவது இடைவெளியிலயே கைக்குத் தெரியும், அதைப் பார்த்துட்டு வி4-ஐ அங்க ஏத்திடாதீங்க, இடம் எலும்பை வச்சுத்தான்.

மார்புக் காம்பை அடையாளமா வச்சு ஒட்டினா என்ன?

கைக்குழந்தைக்கு காம்பு சுமாரா நாலாவது இடைவெளி பக்கம் இருக்கும், எண்ணினது சரியான்னு ஒத்துப் பார்க்க உதவும். அதை மட்டுமே நம்ப வேணாம், வளர வளர இடம் மாறும், பெண் பிள்ளைங்களுக்கு சுத்தமா உதவாது. காம்பு மேல ஸ்டிக்கர் படவே கூடாது.

வி1, வி2 கொஞ்சம் மேல போயிட்டா அப்படி என்ன ஆயிடும்?

ரெண்டாவது மூணாவது இடைவெளியில ஒட்டிட்டா வி1-ல ரெண்டு முயல் காது மாதிரி இரட்டை முனை வரும். இதயத்து மேலறை சுவர்ல ஓட்டை இருக்கற குழந்தைக்கும் அதே மாதிரிதான் வரும். அப்போ என்ன ஆகும், டாக்டர் சந்தேகப்படுவார், எக்கோ (இதயத்துக்கு எடுக்கற ஸ்கேன்) எழுதுவார், அந்த அம்மா கையில குழந்தையோட பஸ் ஏறி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நாள் கணக்குல காத்திருப்பாங்க, வீட்ல யாரும் தூங்கமாட்டாங்க. எல்லாம் ஒரு ஸ்டிக்கர் ஒரு விலா எலும்பு மேல போனதால. பெரியவங்க ஈசிஜியிலயும் ரொம்ப சாதாரணமா நடக்கற தப்பு இதுதான்.

வி4ஆர்-னு ஒண்ணு சொல்றாங்களே, அதைக் குழந்தைங்களுக்கு ஏன் எடுக்கறாங்க?

வயித்துல இருக்கும்போது குழந்தையோட நுரையீரல் வேலை செய்யாது, இதயத்தோட வலது கீழறையே உடம்புக்கும் ரத்தத்தைத் தள்ளிக்கிட்டு இருக்கும், அதனால பொறக்கும்போது வலது பக்கம் நல்லா தடிமனா இருக்கும். பொறந்தப்புறம் மாசக்கணக்குல மெதுவா இடது பக்கம் மேலோங்கி வரும், மூணு நாலு வயசுக்குள்ள ஈசிஜி பெரும்பாலும் பெரியவங்க சாயலுக்கு வந்துடும். இந்த வலது பக்கத்தைச் சரியாப் பார்க்கறதுக்குத்தான் வி4-க்கு நேர் கண்ணாடி மாதிரி வலது நெஞ்சுல, அஞ்சாவது இடைவெளியில, வலது காலர் எலும்பு நடுக்கோட்டுல ஒரு ஸ்டிக்கர். மெஷின்ல தனி வயர் இருக்காது, நிறைய இடத்துல வி3 வயரை எடுத்து அங்க மாட்டுவாங்க. அப்படி மாட்டினா பேப்பர்ல வி3-னு அச்சாகியிருக்கறதை அடிச்சிட்டு வி4ஆர்-னு பேனாவுல எழுதியே ஆகணும். எழுதாம விட்டா அடுத்து படிக்கறவருக்கு அது பொய் ரிப்போர்ட்.

வி1-ல டி அலைன்னு ஒண்ணு இருக்கு, பொறந்த முதல் சில நாள் அது மேல பார்த்து இருக்கலாம், ஒரு வாரம் தாண்டினா கீழ பார்த்துத் திரும்பிடணும், அப்புறம் வருஷக்கணக்குல அப்படியே தலைகீழா இருக்கறதுதான் இயல்பு. பெரியவங்களை மட்டுமே பார்த்துப் பழகினவங்க அதைப் பார்த்து அலறிடுவாங்க. ஒரு வாரத்துக்கு அப்புறமும் மேலயே இருந்தாத்தான் வலது கீழறைக்கு பாரம்னு யோசிக்கணும். ஸ்டிக்கர் இடம் சரியா இருந்தாத்தானே இப்படி நுணுக்கமா எதையும் பார்க்க முடியும்?

குழந்தை நெஞ்சே உள்ளங்கை அகலம்தான், 6 ஸ்டிக்கர் எப்படி ஒட்டறது?

பெரியவங்க ஸ்டிக்கரை ஒட்டாதீங்க, குழந்தைங்களுக்குன்னு சின்ன சைஸ் வருது. ஒண்ணோட ஜெல் இன்னொண்ணைத் தொட்டாலே ரெண்டும் ஒரே ஸ்டிக்கர் மாதிரி ஆயிடும், பேப்பர்ல வி2, வி3, வி4 மூணும் ஜெராக்ஸ் எடுத்த மாதிரி வந்தா இதுதான் காரணம். சின்ன சைஸ் இல்லன்னா ஸ்டிக்கரோட ஓரத்தைக் கத்தரிச்சு ஒட்டறாங்க, நடுவுல இருக்கற ஜெல்லை வெட்டாம பசை ஓரத்தை மட்டும் வெட்டணும். ரொம்பவே சின்னக் குழந்தைன்னா வி3-ஐ விட்டுட்டு வி4ஆர் மட்டும் எடுக்கறதும் உண்டு, டாக்டரைக் கேட்டுக்கோங்க.

ரப்பர் பல்பு வச்சு உறிஞ்சி ஒட்டற பழைய மாடல் இன்னும் சில இடத்துல இருக்கு. கைக்குழந்தைக்கு அது வேணாம்ங்க, வட்டமா சிவந்து கன்னிப்போயிடும், அதுக்கு சின்ன நெஞ்சுல இடமும் இல்ல. கை கால் கிளிப்பும் அப்படித்தான், பெரியவங்க கிளிப்பு குழந்தையோட மணிக்கட்டுல நிக்காது. கை கால் ஸ்டிக்கரை ரெண்டு கையிலயும் ஒரே உயரத்துல ஒட்டுங்க, கால்லயும் அப்படியே, சதைப்பத்தா இருக்கற இடத்துல. 12 லீட்னா அதை நெஞ்சுக்கும் வயித்துக்கும் கொண்டு வராதீங்க, அது மானிட்டருக்கு மட்டும்தான், கை கால் லீட் உடம்புக்கு வந்துட்டா அலையோட உயரமும் சாய்வும் மாறிடும்.

ஸ்டிக்கர் ஒட்டவே மாட்டேங்குது, விழுந்துக்கிட்டே இருக்கு

முதல்ல அம்மாகிட்ட கேளுங்க, காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டினீங்களா, பவுடர் போட்டீங்களா, சளின்னு நெஞ்சுல தைலம் தடவினீங்களான்னு. பத்துல பல தடவை இதுல ஒண்ணு இருக்கும். திட்டாதீங்க, அவங்க அக்கறையிலதான் செய்யறாங்க. வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சை நனைச்சு துடைச்சு, சுத்தமான துணியால ஒத்தி ஈரம் காய்ஞ்சப்புறம் ஒட்டுங்க. நாள் கழிச்சு ஈசிஜிக்கு வரச்சொன்னா, அன்னிக்கு மட்டும் எண்ணெய், பவுடர், தைலம் வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க.

ஸ்டிக்கர் பாக்கெட்டையும் பாருங்க. உடைச்ச பாக்கெட்டை வாய் திறந்து ஃபேன் கீழ வச்சா நடுவுல இருக்கற ஜெல் காய்ஞ்சு போயிடும், ஒட்டும் ஆனா ஒண்ணும் வராது. விரலால தொட்டா ஈரம் தெரியணும். கொலுசு, தண்டை, காப்பு ஸ்டிக்கரையும் கிளிப்பையும் தொடாம ஒதுக்கி விட்டா போதும், கழட்டணும்னு இல்ல. அரைஞாண் கயிறை அறுக்கணுமான்னு ஒரு பாட்டி அழுதுட்டாங்க, ஈசிஜிக்கு அறுக்கவே வேணாம் பாட்டி.

குறைமாசக் குழந்தைக்கு தோல் உரிஞ்சிடும்னு பயமா இருக்கு

பயப்பட வேண்டிய விஷயம்தான். 28 வாரத்துக்கு முன்னாடி பொறந்த குழந்தையோட தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும், மேல்தோல் அடித்தோலோட இன்னும் சரியா பிடிப்பே ஆகியிருக்காது, பசை அதைவிட கெட்டியா பிடிச்சுக்கும், இழுத்தா தோல்தான் வரும். அங்க ஒரு காயம் ஆனா கிருமிக்கு வாசல் திறந்து விட்ட மாதிரி.

அதனால ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக்கூடாது, தோல் வெந்தே போயிடும். பெரியவங்களுக்கு பண்ற மாதிரி துணி வச்சு சுரண்டித் தேய்க்கறதும் கூடாது. பசை இல்லாம ஜெல்லே லேசா ஒட்டிக்கற ஹைட்ரோஜெல் வகை கிடைச்சா அதுதான் நல்லது. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் புதுசு ஒட்டறேன்னு மாத்தாதீங்க, நல்லா வேலை செய்யற ஸ்டிக்கரை விட்டுடுங்க, ஆனா சுத்தி சிவந்திருக்கா, ஈரம் கோத்திருக்கான்னு ஒவ்வொரு தடவை குழந்தையைத் தொடும்போதும் பாருங்க.

எடுக்கும்போது: வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச பஞ்சை ஓரத்துல வச்சுக் காத்திருங்க, ஒரு விரலால தோலை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஸ்டிக்கரைத் தோலோட தோலா படுத்த வாக்குல மடிச்சு மெதுவா விலக்குங்க, மேல் நோக்கித் தூக்காதீங்க. தோலை ஸ்டிக்கர்ல இருந்து எடுக்கற மாதிரி நினைச்சுக்கோங்க, ஸ்டிக்கரைத் தோல்ல இருந்து எடுக்கற மாதிரி இல்ல. எண்ணெய் தடவினாலும் வரும், ஆனா அதே இடத்துல மறுபடி ஒட்ட வேண்டியிருந்தா அது நிக்காது. இதுக்கு நான் ரெண்டு மூணு நிமிஷம் எடுத்துக்கறேன், வேலை எவ்ளோ குவிஞ்சு கிடந்தாலும் இதுல அவசரப்படறது இல்ல.

குழந்தை அழுது உதைக்குது, கோடு எல்லாம் கிறுக்கலா வருது

அவசரத்துல அண்டாக்குள்ள கூட கை நுழையாதுன்னு சொல்வாங்களே, அதேதான். அழுத்திப் பிடிச்சு எடுத்த ஈசிஜி அனேகமா குப்பைக்குத்தான் போகும். வயர் எல்லாம் முதல்ல மாட்டி முடிச்சிட்டு, ஏஜ் எல்லாம் டைப் பண்ணி ரெடியா வச்சிட்டு, அப்புறம் அம்மாவைப் பால் கொடுக்கச் சொல்லுங்க. சப்ப ஆரம்பிச்ச ஒரு நிமிஷத்துல உடம்பு தளரும், அதுல உங்களுக்கு வேண்டியது பத்து செகண்ட்தான். அம்மா கை ஸ்டிக்கர்ல படாம மட்டும் பார்த்துக்கோங்க. ரூம் குளிரா இருந்தா ஏசியைக் குறைங்க, நடுங்கினாலும் கோடு நடுங்கும்.

ரெண்டு மூணு வயசுக்காரங்கதான் ரொம்பக் கஷ்டம். நான் முதல்ல ஒரு ஸ்டிக்கரை அவங்க பொம்மைக்கு இல்ல அப்பா கைக்கு ஒட்டுவேன், அப்புறம் ஒண்ணை அவங்க கையில கொடுத்து நீயே ஒட்டு தங்கம்னு சொல்லுவேன். நிறைய பிள்ளைங்க அதுலயே சமாதானம் ஆயிடுவாங்க. கடைசில எடுக்கும்போது ஒண்ணு ரெண்டு மூணுனு அவங்களையே எண்ண விடுங்க.

மெல்லிசா பல்லு பல்லா ஒரே சீரா ஒரு நடுக்கம் வந்தா அது குழந்தை இல்ல, கரண்ட். நம்ம ஊர் சப்ளை 50 ஹெர்ட்ஸ், பக்கத்துல இருக்கற வார்மர், சார்ஜர், கட்டில் மேல கிடக்கற வயர் இதையெல்லாம் தள்ளி வச்சுப் பாருங்க, வலது கால் ஸ்டிக்கர் ஒழுங்கா ஒட்டியிருக்கான்னும் பாருங்க.

வயர் மாறிப் போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஒரு தடவை வேற ஊர்ல இருந்து மூணு வயசுப் பொண்ணு ஒண்ணு ரெஃபர் ஆகி வந்துச்சு, கையில ஒரு ஈசிஜி, இதயம் வலது பக்கம் இருக்கலாம்னு எழுதி. அந்த அம்மா ராத்திரி முழுக்க அழுதுக்கிட்டே வந்திருக்காங்க. பேப்பரைப் பார்த்தோம், லீட் 1-ல எல்லா அலையும் தலைகீழ், ஏவிஆர்ங்கற கை லீட்ல நிமிர்ந்து இருக்கு. ஆனா நெஞ்சு லீட்ல வி1-ல இருந்து வி6-க்கு அலை அழகா வளர்ந்துக்கிட்டே போகுது. இதயம் நிஜமாவே வலது பக்கம் இருந்தா இடது பக்கம் போகப் போக அலை சின்னதாகிட்டே போகணும். அப்போ இது ரெண்டு கை வயரும் இடம் மாறினது. திரும்ப எடுத்தோம், ஒண்ணுமே இல்ல, நார்மல். அந்த அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல.

அதனால பேப்பர் வந்ததும் கிழிச்சுக் கொடுத்துடாதீங்க, மெஷின் பக்கத்துலயே நின்னு பாருங்க. லீட் 1 தலைகீழான்னா கை வயர். லீட் 2 மட்டும் கிட்டத்தட்ட தட்டைக் கோடுன்னா வலது கை வயரும் வலது கால் வயரும் மாறியிருக்கு. நெஞ்சுல அலை திடீர்னு குட்டையாகி மறுபடி நெட்டையானா நெஞ்சு வயர் ரெண்டு மாறியிருக்கு. ஸ்டிக்கர் இன்னும் குழந்தை மேலதான் இருக்கு, திரும்ப எடுக்க அரை நிமிஷம்.

ஆனா நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, புதுசா பொறந்த குழந்தைக்கு இயல்பாவே இதயத்தோட மின்சாரச் சாய்வு வலது பக்கம்தான், லீட் 1-ல அலையோட பெரிய பகுதி கீழ இறங்கிதான் இருக்கும். அங்க முதல்ல வர்ற சின்ன பி அலையைப் பாருங்க, அதுவும் தலைகீழா இருந்தாத்தான் வயர் மேல சந்தேகம்.

மெஷின் செட்டிங்ல எதைக் கவனிக்கணும்?

வயசு முதல்ல. வயசு போடாம விட்டா மெஷின் பெரியவங்கன்னு நினைச்சுக்கிட்டு ஆரோக்கியமான கைக்குழந்தைக்கு நாலு வரி நோய் எழுதிக் கொடுக்கும். பேப்பர் வேகம் செகண்டுக்கு 25 மில்லிமீட்டர், உயரம் ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர். குழந்தைங்களுக்கு நெஞ்சு மெல்லிசு, அலை பெருசா வந்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், அப்போ நெஞ்சு லீட்டுக்கு மட்டும் பாதியாக் குறைச்சு 5-ல எடுக்கலாம், ஆனா பாதின்னு பேப்பர்ல தெரியணும். ஃபில்டர் இன்னொரு விஷயம், கோடு சுத்தமா தெரியணும்னு 40 ஹெர்ட்ஸ் போட்டுடறாங்க, குழந்தையோட அலை ரொம்பக் கூர்மையானது, அந்த ஃபில்டர் முனையை வெட்டிடும். பெரியவங்களுக்கு 150, குழந்தைங்களுக்கு 250 ஹெர்ட்ஸ் வரைக்கும் விடணும்னு அமெரிக்க ஹார்ட் அசோசியேஷன் 2007-லயே சொல்லிட்டாங்க.

மானிட்டர்ல துடிப்பு 280-னு காட்டுது, குழந்தை சிரிச்சுக்கிட்டு இருக்கு!

கால் ப்ரோப் காட்டற பல்ஸைப் பாருங்க. அது 140-னா மானிட்டர் ஒரு துடிப்பை ரெண்டா எண்ணுது, டி அலை உயரமா இருந்தா அதையும் துடிப்புன்னு நினைச்சுக்கும். லீட்டை மாத்திப் பாருங்க, இல்லன்னா ஸ்டிக்கரை கொஞ்சம் நகர்த்தி ஒட்டுங்க, மானிட்டர் பெரியவங்க மோட்ல இருக்கான்னு பாருங்க. ரெண்டு எண்ணும் ஒண்ணா 220-க்கு மேல நின்னுக்கிட்டு, குழந்தை அசைஞ்சாலும் அழுதாலும் மாறவே மாறலைன்னா அது ஸ்டிக்கர் கோளாறு இல்ல, உடனே டாக்டரைக் கூப்பிடுங்க, 12 லீட் மெஷினையும் தள்ளிட்டு வாங்க. அலாரத்தை அமுக்கிட்டுப் போறது மட்டும் வேணாம்.

எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, கங்காரு கேர் சமயத்துல?

எக்ஸ்ரேன்னா ஸ்டிக்கரையும் வயரையும் நுரையீரல் மேல இல்லாம தோள்பட்டைக்கும் இடுப்போரத்துக்கும் ஒதுக்கணும். எம்ஆர்ஐக்கு சாதாரண ஸ்டிக்கர் ஒண்ணு கூட உடம்புல இருக்கக்கூடாது, உலோகமும் வயரும் சூடேறி தோல் வெந்துடும், முதுகுப் பக்கம் ஒண்ணு மறந்து போயிருக்கான்னு புரட்டிப் பாருங்க. கங்காரு கேர்ல குழந்தை நெஞ்சு அம்மா நெஞ்சோட ஒட்டணும், அதனால ஸ்டிக்கரை முதுகுக்கும் பக்கவாட்டுக்கும் மாத்திடலாம், கண்காணிப்புக்கு அது தாராளமா போதும்.

ஆபரேஷன் ஆன குழந்தை, நெஞ்சுல கட்டு இருக்கு

கட்டு மேலயோ தையல் கிட்டயோ ஒட்டாதீங்க, முடிஞ்ச வரைக்கும் பக்கத்துல ஒட்டிட்டு எவ்ளோ தள்ளி ஒட்டினீங்கன்னு எழுதுங்க. நாளைக்கும் அதே இடத்துல எடுத்தாத்தான் நேத்து இன்னிக்கு வித்தியாசம் பார்க்க முடியும், அதுக்கு ஸ்கின் பேனாவுல புள்ளி வச்சுடறது நல்ல பழக்கம். இதயம் வலது பக்கம்தான்னு ஏற்கெனவே தெரிஞ்ச குழந்தைன்னா வழக்கம்போல ஒண்ணு, நெஞ்சு ஸ்டிக்கரை வலது பக்கம் கண்ணாடி மாதிரி மாத்தி ஒண்ணு, ரெண்டு எடுத்து ரெண்டுலயும் எழுதிக் கொடுங்க.

வயசுக்கு வந்த பொண்ணுங்களுக்கு?

ஸ்க்ரீன் இழுங்க, கதவைச் சாத்துங்க, பெண் ஸ்டாஃப் இருக்கணும், அம்மா கூட இருக்கட்டுமான்னு அந்தப் பொண்ணுகிட்டயே கேளுங்க. என்ன செய்யப்போறோம்னு முன்னாடியே சொல்லுங்க. வி4-ல இருந்து வி6 வரை மார்புக்குக் கீழ ஒட்டணும், அவங்களையே தூக்கிப் பிடிக்கச் சொல்லலாம். ஒட்டி முடிச்சதும் துப்பட்டாவால மூடிடுங்க, துணி மேல இருந்தா ஈசிஜி ஒண்ணும் கெட்டுப்போகாது. பிள்ளைங்க கூச்சப்படறாங்கன்னு ஸ்டிக்கரை இடம் மாத்தி ஒட்டறது அவங்களுக்கு உதவி இல்ல.

ஹோல்டர் (உடம்புல மாட்டிக்கிட்டே நாள் முழுக்க ஈசிஜி பதியற சின்ன மெஷின்) மாட்டிவிட்டாங்க, 24 மணி நேரம் சும்மா படுக்க வைக்கணுமா?

வேணாம், வழக்கம்போல ஓடட்டும், ஆடட்டும், மயக்கமோ படபடப்போ விளையாடும்போதுதான் வருதுன்னா அப்பத்தானே பிடிபடும். குளிக்க மட்டும் கூடாது. இறுக்கமான பனியன் போட்டு வயரை உள்ள வச்சுடுங்க, பருத்தித் துணியா இருக்கட்டும். எத்தனை மணிக்கு என்ன செஞ்சான், எப்ப நெஞ்சு படபடன்னு சொன்னான்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க, அந்தக் குறிப்பு இல்லன்னா பாதிப் பயன் போயிடும்.

அவசரத்துல இதயத்துக்கு ஷாக் கொடுக்கற பேடும் இதே இடத்துலதானா?

இல்ல, அது வேற. 8 வயசுக்குக் கீழ இல்லன்னா 25 கிலோவுக்குக் கீழன்னா குழந்தைங்க பேடு. முக்கியமான விதி ரெண்டு பேடும் ஒண்ணை ஒண்ணு தொடக்கூடாது, சின்னக் குழந்தைக்கு முன் நெஞ்சுல ஒண்ணு, முதுகுல ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல ஒண்ணு. மானிட்டர் ஸ்டிக்கர் பேடுக்கு அடியில மாட்டிக்கிட்டா அந்த இடம் வெந்துடும், பேடு ஒட்டும்போதே பிச்சு எடுத்துடுங்க.

ஸ்கூல்ல செக்கப் பண்ணி இதயத்துல சத்தம்னாங்க, ஈசிஜி நார்மல்னு வந்துடுச்சு, போதுமா?

அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வர்ற ஆர்பிஎஸ்கே (பிள்ளைங்க உடம்பைச் செக் பண்ற அரசுத் திட்டம்) டீம் இப்படி நிறைய பிள்ளைங்களைக் கண்டுபிடிச்சு அனுப்பறாங்க, ரொம்ப நல்ல வேலை. ஆனா ஈசிஜி பார்க்கறது மின்சாரத்தை. சின்ன ஓட்டை இருந்தாலும் ஈசிஜி நார்மலா வரலாம், ஓட்டை, வால்வு எல்லாம் எக்கோலதான் தெரியும். டாக்டர் எக்கோ எழுதியிருந்தா ஈசிஜி நார்மல்னு விட்டுடாதீங்க. அதே மாதிரி எக்கோ நார்மலா இருந்தும் ஓடும்போது மயங்கி விழற பிள்ளைக்கு ஈசிஜிதான் பதில் சொல்லும், ரெண்டுல எதையும் இன்னொண்ணுக்குப் பதிலா வச்சுக்க முடியாது.

எடுத்தப்புறம் நெஞ்சுல வட்ட வட்டமா சிவப்பா இருக்கு

பெரும்பாலும் சில மணி நேரத்துல, மிஞ்சினா ஒரு நாள்ல போயிடும். தண்ணி விட்டுத் துடைச்சு பசையை எடுத்துட்டு சும்மா விடுங்க, அன்னிக்கு பவுடர் வேணாம். கொப்புளமோ தோல் உரிஞ்சோ நீர் வடிஞ்சோ இருந்தா காட்டுங்க, அந்தக் குழந்தைக்குப் பசை ஒத்துக்கலன்னு கேஸ் ஷீட்ல எழுதச் சொல்லுங்க. அந்த ஈசிஜி பேப்பரையும் வீட்ல பத்திரமா வைங்க, சில பேப்பர் வெயில்பட்டா எழுத்து மங்கிடும், அதனால வாங்கின அன்னிக்கே ஜெராக்ஸோ ஃபோட்டோவோ எடுத்துடுங்க, அடுத்த வருஷம் எடுக்கறப்போ டாக்டர் முதல்ல கேக்கறது பழைய பேப்பரைத்தான்.